பட்டத்தின் பெயரும் படிப்பின் பொருளும்
(மகாவீர ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'உயர்கல்வியும் நம் இளைஞரும்' என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அது கடலளவு பெரியது. எனக்குக் கொடுக்கப்பட்ட நேரமோ இருபது நிமிடம். ஆகவே அக்கடலில் ஒரு சிறு கரையோரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். உயிரி மருத்துவப் பொறியியல் துறையில் பணியாற்ற விரும்பும் ஒரு பிள்ளை, கல்லூரியில் எந்தப் பொறியியல் பிரிவை எடுத்துப் படிப்பது? தமிழ் படித்த இவருக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நியாயமான ஐயமே. இதைப் பேச எனக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நம் அறக்கட்டளையில் ஒரு கல்வி நிதி இருப்பதை நீங்கள் அறிவீர்கள். நம் பெரியவர் ஒருவர், காலஞ்சென்ற தம் துணைவியாரின் நினைவாக அளித்தது. அந்த அம்மையாருக்கு இதய வால்வு பழுதுபட்டு, திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வைப் பொருத்தினார்கள். அதன்பின் அவர் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து, மூன்று பேரக்குழந்தைகளைக் கண்டார். "இப்படிப்பட்ட பொருளைச் செய்யக் கற்கும் நம் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பணம் போகட்டும்" என்று சொல்லித்தான் பெரியவர் தொகையை ஒப்படைத்தார். அவ்விருப்பத்தை விதியாக எழுதியபோது, 'உயிரி மருத்துவப் பொறியியல் பட்டப்படிப்பில் சேரும் மாணவருக்கு' என்று எழுதினோம். 'எழுதினோம்' என்று சொல்வதற்குக் காரணம், அந்த வரியின் மொழிநடையைத் திருத்திக் கொடுத்தவன் நான். ஒற்றுப்பிழை இல்லாமல் பார்த்துக்கொண்டேன். பொருட்பிழையைப் பார்க்கத் தவறினேன்.

திருவொற்றியூரில் வசிக்கும் நம் குடும்பத்துப் பெண் ஒருத்தி இவ்வாண்டு விண்ணப்பித்தாள். அவள் வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்தவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரியில் சிக்கி முழங்காலுக்கு மேலே ஒரு காலை இழந்தார். ஸ்டான்லி மருத்துவமனையில் உயிர் பிழைத்து வந்தவர், செயற்கைக் காலோடு மாடிப்படி ஏறப் படும் பாட்டை இவள் நாள்தோறும் பார்த்திருக்கிறாள். "நல்ல முழங்கால் ஒன்று செய்ய வேண்டும் தாத்தா" என்றாள் என்னிடம். அதற்காக இயந்திரப் பொறியியல் படிக்கப் போகிறேன் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். பிரிவின் பெயர் விதியோடு பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது. குழுவினர்மேல் தவறில்லை. விதியில் இருந்ததைத்தான் அவர்கள் செய்தார்கள்.

இனி அந்த அம்மையாரின் நெஞ்சில் துடித்த வால்வின் கதையைப் பார்ப்போம். ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில், அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான் அவர்களின் தலைமையில், மருத்துவரும் பொறியாளரும் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியது அது. வெளிநாட்டு வால்வின் விலை ஏழை நோயாளிக்கு எட்டாத காலம். மனித இதயம் நிமிடத்துக்கு 72 முறை துடிப்பதாகக் கொண்டால், ஓர் ஆண்டில் ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் முறை துடிக்கிறது. அத்தனை முறையும் வால்வின் சிறு வட்டத்தகடு சாய்ந்து திறந்து, மீண்டும் மூட வேண்டும். தேயக் கூடாது, உடையக் கூடாது, அதன்மேல் குருதி உறையவும் கூடாது.

முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. ஒன்றில் தகட்டைத் தாங்கும் உலோகப்பகுதி பற்றவைத்த இடத்தில் முறிந்தது. அடுத்ததில் கடினமான நீலமணிப் படிகத் தகடு டைட்டானியத்தைத் தேய்த்துவிட்டது. மூன்றாவதில் உலோகத்தை மாற்றினார்கள். தேய்மானச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் படிகத் தகடே உடைந்தது. நான்காவது மாதிரியில் குரோமியம் கலந்த கோபால்ட் உலோகக்கலவையால் கூட்டைச் செய்து, மிகு மூலக்கூற்று எடை கொண்ட பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக்கால் தகட்டைச் செய்தார்கள். அது நிலைத்தது. 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு மனிதருக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் அதைத் தயாரித்து, இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்பெற்றுள்ளனர்.

அந்த மூன்று தோல்விகளையும் மீண்டும் நினைத்துப் பாருங்கள். பற்றவைப்பு முறிந்தது, உலோகம் தேய்ந்தது, படிகம் உடைந்தது. மூன்றும் இதயத்தைப் பற்றிய அறியாமையால் வந்தவை அல்ல. பற்றவைப்பு, தேய்மானம், முறிவு ஆகியவை இயந்திரவியலும் உலோகவியலும் பொருளறிவியலும் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்விகள். இதயம் எப்படி இயங்குகிறது, எது வேண்டும் என்று மருத்துவர் சொன்னார்; எதனால் செய்தால் நிற்கும் என்ற விடை பட்டறைப் பக்கத்திலிருந்து வந்தது. நம் விதியை அன்றைக்குப் பொருத்திப் பார்த்தால், அந்த வால்வுக்காக உழைத்த உலோகவியலாளர் ஒருவருக்கு நம் நிதியிலிருந்து ஒரு காசும் கிடைத்திராது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அப்பெண்ணின் பாட்டியார் என்னிடம் கேட்டார்: "இந்தப் படிப்பில் உயிர்வதை உண்டா?" நம் வீடுகளில் இக்கேள்வி எழாமல் இருக்காது. உண்மையைச் சொன்னேன். அந்த வால்வு மனிதருக்குச் செல்லுமுன் ஆடுகளில் சோதிக்கப்பட்டது. பன்றியின் வால்வு, மாட்டின் இதய உறை ஆகியவற்றால் செய்யப்படும் வால்வுகளும் உலகில் உள்ளன. அதே சமயம், பொருள்களைச் சோதிப்பதற்கான ஐ.எஸ்.ஓ. 10993 என்ற பன்னாட்டுத் தரநெறி, ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களைக் கொண்டு செய்யும் சோதனைகளுக்கு வழிவகுக்கிறது. விலங்குகளின் நலனுக்கென்றே அதில் ஒரு தனிப்பகுதி இருக்கிறது. செயற்கைக்கால், சக்கர நாற்காலி, ஊன்றுகருவி ஆகியவற்றைச் செய்கிறவருக்கு விலங்குச் சோதனை என்ற இக்கட்டு பெரும்பாலும் எழுவதில்லை. உடலுக்குள் வைக்கும் கருவியைச் செய்கிறவருக்கு எழும். பிரிவைத் தேர்ந்தெடுக்குமுன் நம் பிள்ளைகள் இதையும் சிந்திப்பது நல்லது. பாட்டியார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "முழங்கால்தானே செய்யப் போகிறாள்" என்றார்.

முழங்காலுக்கு வருவோம். அது கதவின் கீலைப் போல ஒரே அச்சில் சுழல்வதாகத் தோன்றும். உண்மையில் மடங்க மடங்கச் சுழலும் மையமும் நகர்கிறது. அதைச் செயற்கையாகச் செய்ய, பல இணைப்புத் தண்டுகளைக் கோத்துக் கணக்கிட வேண்டும். அக்கணக்கை இயந்திரப் பொறியியல் மாணவர்கள் இளநிலையிலேயே படிக்கிறார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் மறுவாழ்வுக் கருவிகளுக்கென ஓர் ஆய்வு மையம் உள்ளது. அதை வழிநடத்தும் பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் அவர்கள் இயந்திரப் பொறியியல் துறையைச் சேர்ந்தவர். கால் இயங்காதவர் எழுந்து நிற்க உதவும் 'அரைஸ்' சக்கர நாற்காலி 2019இல் அங்கிருந்து வந்தது. 2022இல் 'கதம்' என்ற செயற்கை முழங்காலும் வந்தது. அந்தப் பெண் செய்ய நினைப்பதை நம் ஊரிலேயே ஒரு பெண்மணி செய்துகொண்டிருக்கிறார்.

நம் சமயத்தவர் பெருமையுடன் சொல்லும் ஜெய்ப்பூர் காலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அதை உருவாக்கியவர்களில் ஒருவர் மருத்துவர் பி.கே. சேத்தி, மற்றவர் ராம் சந்திர சர்மா என்னும் கைவினைக் கலைஞர். ரப்பரைக் கொண்டு, வெறுங்காலோடு நடக்கவும், சம்மணமிட்டு அமரவும், குந்தவும் ஏற்ற பாதத்தை அவர்கள் செய்தார்கள். அதை ஏழைகளுக்கு இலவசமாகக் கொண்டுசேர்க்க டி.ஆர். மேத்தா அவர்கள் 1975இல் தொடங்கிய அமைப்பு பகவான் மகாவீரரின் திருப்பெயரைத் தாங்கி நிற்கிறது. அவ்வமைப்புக்காக அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துப் பொறியியல் மாணவர்கள் வடிவமைத்த 'ஜெய்ப்பூர் முழங்கால்', 2009ஆம் ஆண்டின் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக 'டைம்' இதழின் பட்டியலில் இடம்பெற்றது.

நான் முப்பத்தோர் ஆண்டுகள் காசிமேட்டில் ஆசிரியப்பணி செய்தவன். என் வகுப்பின் சன்னல் வழியே விசைப்படகுகளின் ஓசை கேட்கும். அங்கே ஃபைபர் படகு செய்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி இழைப்பாயை விரித்து, பிசினைப் பூசி, அடுக்கடுக்காக ஒட்டுவார்கள். இழைப்பாயும் பிசினும் தனித்தனியே கடலலையைத் தாங்க மாட்டா; சேர்ந்தால் தாங்கும். ஏறத்தாழ அதே தத்துவத்தில், கரி இழையைக் கொண்டு செய்த இலேசான கூட்டுப்பொருள் அக்னி ஏவுகணைக்குப் பயன்பட்டது. அதை அப்துல் கலாம் அவர்கள் ஐதராபாத்தில் போலியோவால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் ஊன்றுகருவிக்குப் பயன்படுத்தச் செய்தார். சுமார் 3 கிலோ எடையுள்ள உலோகக் கருவியை இழுத்துக்கொண்டு நடந்த குழந்தைகள், 300 கிராம் கருவியுடன் ஓடத் தொடங்கினார்கள். கலாம் நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தது வானூர்திப் பொறியியல். அந்தப் படிப்பில் சேர அவருடைய தமக்கையார் தம் பொன்வளையல்களை அடகு வைத்ததை அவர் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். பிள்ளை எடுத்த பிரிவின் பெயர் வீட்டார் எதிர்பார்த்ததாக இல்லையே என்று முகம் சுளிக்கும் பெற்றோருக்காக இதையும் சொல்லி வைக்கிறேன்.

அதே துறைமுகத்தில் மீனவர்கள் மீன்கூட்டத்தையும் கடலின் ஆழத்தையும் அறிய எக்கோ சவுண்டர் வைத்திருக்கிறார்கள். ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளந்து திரையில் காட்டும் கருவி. கருவுற்ற தாய்க்கு எடுக்கும் ஸ்கேனும் அதே அடிப்படையில்தான் இயங்குகிறது. நீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும் என்றால், நம் உடலின் மென்திசுக்களில் சுமார் 1,540 மீட்டர். ஸ்கேனில் செலுத்தும் ஒலியின் அதிர்வெண் மிகமிக உயர்ந்தது என்பது முக்கிய வேறுபாடு. இதைச் செய்ய விரும்பும் பிள்ளை மின்னணுவியலோ கருவியியலோ படிக்க வேண்டும். சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்து 1979இல் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டு, இசைத்தட்டுகளுக்குப் பெயர்பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த மின்பொறியாளர். உடலுக்குள் வைக்கும் பொருள்களில் விருப்பமுள்ளவர் வேதிப்பொறியியல், பொருளறிவியல் பக்கம் செல்லலாம். எக்ஸ்ரே படத்தைக் கணினியால் ஆராய விரும்புகிறவருக்குக் கணினிப் பொறியியல்.

அப்படியானால் உயிரி மருத்துவப் பொறியியல் என்ற இளநிலைப் பட்டமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். உடற்கூறும் உடலியங்கியலும் மருத்துவக் கருவிகளும் ஒரே பாடத்திட்டத்தில் கிடைப்பது அங்கேதான். மருத்துவமனையில் கருவிகளை வாங்கி, நிறுவி, பராமரிக்கும் பொறியாளராக விரும்புகிறவருக்கு அது நேர்வழி. கேட் தேர்வில் 2020ஆம் ஆண்டு முதல் அத்துறைக்கெனத் தனித்தாளும் இருக்கிறது. அதற்கு முன் அம்மாணவர்கள் வேறு துறையின் தாளைத்தான் எழுத வேண்டியிருந்தது. நல்ல ஆய்வகமும் மருத்துவமனைத் தொடர்பும் உள்ள கல்லூரி கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். இல்லாத கல்லூரியில் அந்தப் பெயர் மட்டும் என்ன தரும் என்பதற்கு என்னிடம் ஒரு சான்று உண்டு. நான் இதைப் பேச வந்த இரண்டாவது காரணம் அதுதான்.

2009ஆம் ஆண்டு. என் மாணவர் ஒருவர். தந்தையார் காசிமேட்டில் விசைப்படகு எஞ்சின் பழுதுபார்ப்பவர். பையனும் விடுமுறையெல்லாம் எண்ணெய்க் கையோடு இருப்பார். ஓசையைக் கேட்டே எந்த வால்வில் கோளாறு என்று சொல்லிவிடுவார். மருத்துவமனைக் கருவி செய்ய ஆசை அவருக்கு. "மெக்கானிக்கலா, பயோமெடிக்கலா ஐயா?" என்று கேட்டார். "பெயரிலேயே மருத்துவம் இருக்கிறதே, அப்புறம் என்ன ஐயம்? அதையே எடு" என்றேன். சொல்லின் பொருளைச் சொல்வது என் தொழில். அன்றைக்குச் சொல்லோடு நின்றுவிட்டேன்.

வெளியூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்தார். அருகில் பயிற்சிக்கு மருத்துவமனை இல்லை. இ.சி.ஜி. கருவி ஒன்று கண்ணாடி அலமாரியில் பூட்டி இருந்ததாம். 2013இல் பட்டத்தோடு வந்தார். வேலைக்கு விண்ணப்பித்த நிறுவனங்களில் பல இயந்திரவியலோ மின்னணுவியலோ படித்தவரைக் கேட்டன. இரண்டு ஆண்டுகள் மீண்டும் தந்தையாரின் பட்டறையிலேயே கழிந்தன. அந்நாள்களில் அவரைத் தெருவில் கண்டால் நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடந்ததுண்டு. பின்னர் டயாலிசிஸ் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணி ஒன்று கிடைத்தது. குருதியைத் தள்ளும் பம்பும் குழாயும் அழுத்தமானியும் கொண்ட கருவி அது. திறந்து பார்த்ததும் தமக்குப் பழகிய உலகம் அதில் இருந்ததாகச் சொன்னார். இன்று நன்றாக இருக்கிறார். என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதனால்தான் நானே சொல்கிறேன்.

அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகையைப் பாடம் சொன்ன நாள்களில், உறுப்பியலைத் தாண்டிச் செய்யுளியலுக்கு ஓடும் மாணவர்களை நான் தடுத்து நிறுத்துவேன். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை ஆகிய உறுப்புகளை அறியாதவர் வெண்பாவைத் தொட்டால் என்ன ஆகும் என்று தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். பொறியியலிலும் அப்படி ஒரு முறை இருக்கிறது. இளநிலையில் ஓர் அடிப்படைப் பிரிவைப் படித்து, முதுநிலையில் மருத்துவத்தின் பக்கம் திரும்பலாம். சென்னை ஐ.ஐ.டி., வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, திருவனந்தபுரம் சித்திரைத் திருநாள் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து மருத்துவமனைப் பொறியியலில் எம்.டெக். நடத்துகின்றன. பொறியியலின் பல பிரிவுகளில் பட்டம் பெற்றவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். நம் நிதிக்கு ஏற்ற வழி இதைவிட வேறென்ன?

பெற்றோர் பலர் கேட்கும் ஒரு கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு இந்தத் துறையே கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்கான தரவரிசை கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குக் கணக்கிடப்படுகிறது. உயிரியல் மதிப்பெண் அதில் சேராது. கணினிப் பிரிவில் படித்த பிள்ளையும் தாராளமாக வரலாம். உடற்கூற்றைப் பின்னர் கற்றுக்கொள்ள முடியும். விட்டுப்போன கணிதத்தைப் பின்னர் பிடிப்பதுதான் கடினம்.

கல்விக்குழுப் பெரியோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. விதியில் உள்ள அந்த வரியை, 'மருத்துவக் கருவிகளை உருவாக்கும் நோக்குடன் பொறியியலின் எப்பிரிவிலும் சேரும் மாணவருக்கு' என்று மாற்றித் தாருங்கள். நோக்கத்தை எப்படி அளப்பது என்று செயலாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும். எந்தக் கருவியைச் செய்ய விரும்புகிறேன், அதற்கு இந்தப் பிரிவு எவ்வாறு உதவும் என்று பிள்ளை ஒரு பக்கம் எழுதட்டும். ஆண்டுதோறும் என்ன கற்றேன் என்று இன்னொரு பக்கம் எழுதட்டும். அந்தப் பக்கங்களைப் படித்துப் பார்க்கும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். நிதி அளித்த பெரியவரிடம் சென்ற வாரம் பேசினேன். "என் மனைவிக்குப் பொருத்திய வால்வைச் செய்தவர் என்ன படித்தார் என்று நான் கேட்கவே இல்லையே" என்றார். திருத்திய வரியைத் தட்டச்சுச் செய்து கொண்டுவந்திருக்கிறேன். அதில் அவருடைய கையொப்பமும் இருக்கிறது.

காசிமேட்டு மாணவரைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? என் அழைப்பை ஏற்று இன்று வந்து, கடைசி வரிசையில் தூண் ஓரமாக அமர்ந்திருக்கிறார். டயாலிசிஸ் கருவியின் பழைய பம்பு ஒன்றைப் பையில் கொண்டுவந்திருக்கிறார். பிள்ளைகள் உணவுக்குச் செல்லுமுன் அவரிடம் போய் அதைக் கையில் வாங்கிச் சுழற்றிப் பார்க்கலாம்.